தாய்வழி வந்த பழி: டவுன் வீட்டுச் சகோதரிகள் மூவர்

சேலம் சூனிய வழக்குகள் எண்டதும் வலிப்பு வந்த சிறுமிகளில் தொடங்கித் தூக்குமரத்தில் கதையை முடித்துவிடுகிறோம். (இது தமிழ்நாட்டுச் சேலமில்லை. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ், அப்போது இங்கிலாந்தின் குடியேற்றம்.) 1692இல் அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். அந்தப் பெயர்களை யார் யாருக்குச் சொந்தம் எண்டு பார்த்து அடுக்கினால் வேறொரு கதை வருகிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது ரெபேக்கா நேர்ஸின் குடும்பத்தை.

ரெபேக்கா 1621இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர். தகப்பன் வில்லியம் டவுன், தாய் ஜோனா பிளெசிங். குடும்பம் கடல் கடந்து வந்து குடியேறியபின், 1644இல் மரத்தட்டுச் செய்யும் பிரான்சிஸ் நேர்ஸை மணந்தார். எட்டுப் பிள்ளைகள். 1692 மார்ச்சில் பிடிக்கப்பட்டபோது வயது 71, காது சரியாகக் கேட்காது, பக்தியான மனுசி எண்டு ஊரில் பெயர்.

அடுத்தது தங்கை சாரா குளோய்ஸ். ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை, போதகர் சாமுவேல் பரிஸ் யூதாசைப் பற்றிய வசனத்தைப் பிரசங்கத்துக்கு எடுத்தார். அது யாரைக் குத்துகிறது எண்டு சாராவுக்கு விளங்கியது. எழும்பி வெளியே போனார், கதவு படாரெண்டு சாத்தியது. சில நாட்களுக்குள் அவர் மேலும் முறைப்பாடு வந்தது. அதே மாதம் இன்னொரு தங்கை மேரி ஈஸ்ரியையும் பிடித்தார்கள்.

ஏன் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேர்? இதற்கு விடை ஒரு சாட்சியத்தில் இருக்கிறது. இளைய ஜோன் புட்னமும் மனைவி ஹன்னாவும் கொடுத்தது அது. இந்தச் சகோதரிகளின் தாயைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு கதையை ஜோன் வெளியே சொன்னாராம், அதன்பிறகு அவருக்கு வலிப்பு வந்ததாம், அவர்களுடைய கைக்குழந்தையும் செத்துப்போனதாம். தாய் சூனியக்காரி எண்டதுதான் அந்தக் கதை. ஜோனா டவுன் அப்போது உயிரோடு இல்லை, மறுத்துப் பேச ஆளில்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை எண்டு எங்கட ஆக்கள் சொல்வதைத்தான் அந்த நீதிமன்றமும் சாட்சியமாக எழுதிக்கொண்டது.

ஆனால் பழி தாய்வழி வந்தாலும் பகை காணிவழி வந்தது. சேலம் கிராமத்துக்கும் பக்கத்து டொப்ஸ்பீல்ட் ஊருக்கும் நெடுநாள் எல்லைத் தகராறு. காணியிலும் மரம் தறிப்பதிலும் ஒருபக்கம் புட்னம் குடும்பம், மறுபக்கம் டவுன், ஈஸ்ரி, ஹோவ் குடும்பங்கள். ஜூலை 19இல் ரெபேக்காவோடு தூக்கிலிடப்பட்ட நால்வரில் சாரா வைல்ட்ஸ், எலிசபெத் ஹோவ் இருவரும் டொப்ஸ்பீல்ட் பக்கத்துப் பெண்கள். அதே காலத்தில் கொழும்பை ஆண்ட ஒல்லாந்தர் காணி யாருக்கு எண்டு தோம்பில் எழுதினார்கள். குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அது உதவுகிறது. காணிச் சண்டையைப் படிக்காமல் இந்தச் சூனிய வழக்கையும் படிக்க முடியாது.

எல்லாமே காணிதான் எண்டும் நாங்கள் சொல்லவில்லை. புட்னம் வீட்டில் உண்மையாகவே ஒரு குழந்தை செத்தது, துக்கம் ஒரு பெயரைத் தேடியது. இன்னொரு பக்கம், ரெபேக்காவுக்காக அயலவர் 39 பேர் கையெழுத்திட்டார்கள். அதில் புட்னம் பெயர்களும் உண்டு! ஜூரி முதலில் குற்றவாளி இல்லை எண்டே சொன்னது. நீதிபதிகள் மீண்டும் யோசிக்கச் சொன்னார்கள். கேட்ட ஒரு கேள்வி காதில் விழாமல் அவர் பேசாமல் நின்றார், அது குற்றமாகியது.

மேரி சாவதற்குமுன் எழுதிய மனுவில் தன் உயிரைக் கேட்கவில்லை, இனிக் குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்தவேண்டாம் எண்டே கேட்டார். செப்டம்பர் 22இல் தூக்கிலிட்டார்கள். சாரா மட்டும் 1693இல் தப்பினார். 1706இல், சிறுமியாகக் குற்றஞ்சாட்டிய ஆன் புட்னம் தேவாலயத்தில் மன்னிப்புக் கேட்டபோது குறிப்பாகச் சொன்னது ரெபேக்காவையும் இரண்டு தங்கைகளையும்தான். 1711இல் அரசு குடும்பங்களுக்கு நட்டஈடு கொடுத்தது.

இது பழைய கதையில்லை. இந்தியாவின் ஜார்க்கண்டில் 2001இலும் சூனியக்காரிப் பட்டத்துக்கு எதிராகத் தனிச்சட்டம் போடவேண்டி வந்தது. அப்படி ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சுட்னி மகாதோ, பிறகு மற்றப் பெண்களுக்காக வேலைசெய்து 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எங்களைத் தூக்கில் போடுவதில்லை. ஆனால் கலியாணம் பேச வரும்போது, "தாய்க்காரி எப்படியாம்?" எண்டு விசாரிக்கிறார்கள். செய்வினைக் கதை ஒன்று ஒருமுறை ஒட்டினால் மகளுக்கும் பேத்திக்கும் ஒட்டுகிறது. அடுத்தமுறை அப்படியொரு கதை வந்தால், யார் சொன்னது, அவருக்கும் அந்த வீட்டுக்கும் என்ன தகராறு எண்டு நாங்கள் முதலில் கேட்போம்.