புரோட்டெஜே

புரோட்டெஜே: அனுபவமும் செல்வாக்கும் உள்ள ஒருவரின் ஆதரவில் கற்று முன்னுக்கு வரும் பெண். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஆணைக் குறிக்கவும் இதே உச்சரிப்புதான். பெண்ணுக்கு எழுதும்போது மட்டும் ஓர் எழுத்து கூடும். நேர்ப்பொருள் 'காக்கப்பட்டவள்'. இதன் வேர், 'முன்னால் நின்று மறை' என்று பொருள்படும் லத்தீன் வினை. கூரை ஓட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் அதன் உறவுதான்.

அப்படி ஆதரவு தரும் வழிகாட்டியைக் குறிக்கும் 'மென்டர்', ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் ஒருவரின் பெயர். அதைப் பொதுச்சொல்லாகப் பரப்பியதில் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெனலோன் 1699இல் வெளியிட்ட நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. பெண்பிள்ளைகளின் கல்வி குறித்து 1687இலேயே நூல் எழுதியவர் அவர். ஒடிசியில் மென்டரின் உருவெடுத்து இளவரசனுக்கு வழிகாட்டுபவள் அதீனா என்ற பெண்தெய்வம்.

புரோட்டெஜே என்ற சொல்லின் வேரில் கல்வி இல்லை, காவல் மட்டுமே இருக்கிறது. ஆதரவு என்ற பெயரில் காவல் எவ்வளவு கொடியதாகும் என்பதற்கு அந்தமான் சாட்சி. 1858இல் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியிருப்பு தொடங்கியது. 1863இல் பாதிரியார் ஹென்றி கார்பின் பொறுப்பில் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' எழுந்தது. தீவுவாசிகளை அங்கே தங்கவைத்து ஆங்கிலமும் நாகரிகமும் கற்பித்தார்கள். நினைத்தபோது காட்டுக்குத் திரும்ப விடவில்லை. அங்கிருந்த ஒரு பெண்ணுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் டாப்ஸி. 1852இல் நூலாக வந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில், வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தியிடம் திருத்தி வளர்க்க ஒப்படைக்கப்படும் அடிமைச் சிறுமியின் பெயரும் அதுவே. வெளியாரோடு ஏற்பட்ட நெருக்கத்தில் மேகநோயும், 1877இல் தட்டம்மையும் பரவின. 1901 கணக்கெடுப்பில் அத்தீவுவாசிகளான கிரேட் அந்தமானியர் 625 பேரே எஞ்சியிருந்தனர். காப்பதாகச் சொன்ன கைகளே இந்த அழிவுக்கு வழிவிட்டன என்பதை மறைக்கக் கூடாது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே தீவுகளில் இந்த உறவு தலைகீழானது. மொழியியலாளர் அன்விதா அப்பி மாணவியாக அமர, கிரேட் அந்தமானியரான போவா சீனியர் ஆசிரியையானார். கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான போ மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் அவர். பேச்சுத்துணைக்கு ஆளில்லாததால் பறவைகளோடு அம்மொழியில் பேசுவார். அவற்றைத் தம் முன்னோராகக் கருதினார். 2010 ஜனவரியில், ஏறத்தாழ 85 வயதில் காலமானார். அவரிடமும் அவர் சமூகத்தினரிடமும் கற்றதைக் கொண்டு அப்பி அகராதியும் இலக்கணமும் தொகுத்தார். உடலுறுப்புகளின் பாகுபாடே அம்மொழிக் குடும்பத்தின் இலக்கணத்துக்கு அடித்தளம் என்பதை அந்த ஆய்வு விளக்கியது. 2013இல் அப்பிக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.