கீழாநெல்லிக்கு வைத்த பரீட்சை

சாத்தூரில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் நிறுத்தப்படுவது காராச்சேவு. அடுத்து, வாய்க்கால் ஓரம் முளைத்திருக்கும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் கண் வெளுத்துவிடும். 'பாத்தீங்களா!' என்பார்கள்.

பார்த்தோம். ஆனால், வைரஸால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடுமே? அப்படியானால் பெருமை யாருக்கு... செடிக்கா, உடம்புக்கா?

1980-களில் இந்தச் செடியைச் சோதிக்க முன்வந்தவர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் விஞ்ஞானி எஸ்.பி.தியாகராஜன் (பிற்பாடு அங்கேயே துணைவேந்தர் ஆனார்). கூட்டுச் சேர்ந்தவர் லேசுப்பட்ட ஆளில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து, 1976-ல் நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கர் பாரூக் புளும்பெர்க்! அந்த வைரஸை ரத்தத்தில் சுமப்பவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்குக் கீழாநெல்லிப் பொடி. இன்னொன்றுக்கு வெறும் டம்மி. 30 நாள். 1988-ல் 'லான்செட்' இதழில் ரிசல்ட் வந்தது. செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதத்தைக் காணோம். டம்மி கோஷ்டியில் 23 பேருக்கு ஒருத்தர்தான்!

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் அசையவில்லை.

சரி, வைரஸை விடுங்கள். ஈரலுக்கு இன்னொரு எதிரியை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம். மாத்திரை! பாராசிட்டமால், அளவோடு சாப்பிட்டால் சாது. அள்ளி விழுங்கினால், ஈரல் அதை உடைக்கும்போது ஒரு விஷம் உண்டாகிறது. அதை அடக்கும் குளுட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகிறது (பி.காம் படித்தவன் பாஷையில், ஓவர் டிராஃப்ட்!). ஈரல் செல்கள் செத்து, உள்ளே இருந்த என்சைம்கள் ரத்தத்தில் கசிகின்றன. லேப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. எகிறுவது இதனால்தான்.

ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்கு இப்படித்தான் பாராசிட்டமாலை ஓவராகக் கொடுத்து மூலிகைகளைச் சோதிக்கிறார்கள். கீழாநெல்லி பாஸ்! ஆனால், பெரும்பாலும் எலிக்கு முதலில் மூலிகை, அப்புறம்தான் விஷம். நமக்கோ கண் மஞ்சளான பிறகுதானே செடி ஞாபகமே வருகிறது?

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் விஷயத்தில் இது விளையாட்டில்லை. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றுமே ஈரலைப் பதம் பார்க்கக்கூடியவை. கண் மஞ்சளானால் டாக்டர் அவற்றை நிறுத்தி, எஸ்.ஜி.பி.டி. இறங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிப்பார். அவரிடம் போகாமல், மாத்திரையையும் விடாமல், கூடவே மோரில் கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே பத்து நாள் காத்திருந்தால்... அதற்குள் ஈரல் மொத்தமாகக் கைவிரித்துவிடலாம்.