திண்ணைக்கு வலை வந்த கதை

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் ஏன் வேரூன்றின என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் வெயில். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு சரி. மற்ற மாதமெல்லாம் குச்சியும் காகிதமும் மருந்தும் காய்வதற்குத் தோதான வறட்சி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று ஊர் திரும்பியபோது, அந்த வெயிலே அவர்களுக்குப் பாதி முதலீடு.

அதே வெயில்தான் இந்த வட்டாரத்து வீடுகளுக்குத் திண்ணையையும் தந்தது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் திண்ணை இல்லாத பழைய வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்த அந்தத் திண்ணைகளில் பல இன்று கம்பிக்கும் கொசுவலைக்கும் உள்ளே இருக்கின்றன. இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல, ஒரே காரணத்தாலும் வந்ததல்ல.

பழைய திண்ணையின் கட்டுமானம் எளிமையானது. வாசற்படிக்கு இருபுறமும் உயர்த்திக் கட்டிய மேடை. அதற்கு மேல் தாழ இறங்கும் நாட்டு ஓட்டுக் கூரை. கூரையைத் தாங்கப் பனங்கையும் மரத்தூணும். உச்சி வெயில் சுவரில் விழாதபடி அந்தக் கூரை மறைக்கும், மாலையில் காற்று எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே வரும். சுண்ணாம்புக் காரையைக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தளம், சித்திரை மதியத்திலும் முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். சில வீடுகளில் திண்ணையின் ஓரத்தைச் சற்றே மேடாக்கித் தலை சாய்க்க வாகாகக் கட்டியிருப்பார்கள். கட்டிய காலத்திலேயே தலையணையையும் சேர்த்துக் கட்டிவிட்ட படுக்கை அது. கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாகப் பிளக்கும் என்பதால், முகப்புக்கு நீளக் கல் வைத்துக் கட்டிய திண்ணைகளே விரிசலுக்குத் தாக்குப்பிடித்தன.

அந்த மேடையில் நடக்காத காரியமில்லை. பருத்திக்கும் மிளகாய் வற்றலுக்கும் விலை பேசினார்கள், கணக்கு எழுதினார்கள், பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார்கள். 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ உத்தரவிட்ட கணக்கெடுப்பு, சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்ததைக் காட்டியது. அவற்றுள் எத்தனையோ பள்ளிகளுக்குத் திண்ணைதான் வகுப்பறை. 1903-இல் விருதுப்பட்டியில் பிறந்த காமராசரும் திண்ணைப் பள்ளியில்தான் எழுத்துக் கூட்டத் தொடங்கினார். அதன்பிறகே, வணிகர்கள் பொதுக் காரியத்துக்கென ஒதுக்கிய மகமைப் பணத்தாலும் வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசியாலும் வளர்ந்த சத்திரிய வித்யா சாலைக்குப் போனார். விருதுப்பட்டி விருதுநகர் என்று பெயர் மாறியது 1923-இல்.

திறந்த திண்ணையை எண்ணி உருகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தெருவுக்குத் திறந்திருந்த திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. யார் ஏறி உட்காரலாம், யார் படியில் நிற்கலாம், யார் தெருவில் நின்றபடியே பேச வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்த அதே மேடை, உழைத்துக் கொடுத்தவனைத் தள்ளி நிற்கவும் வைத்தது. பெண்களுக்கும் பகலில் அங்கே இடம் குறைவு. ஆண்கள் எழுந்து போன பிறகு, தெரு அடங்கிய நேரத்தில்தான் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

வாசலை அடைக்கும் வழக்கத்துக்கும் இங்கே பழைய வரலாறு உண்டு. மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றி ஊர் ஊராகப் போன நாடார் வணிகர்கள், வண்டியும் மாடும் மூட்டையும் இரவில் பத்திரமாகத் தங்கச் சுற்றுச்சுவரும் கதவுமாகப் பேட்டைகளைக் கட்டினார்கள். 1899 ஜூனில் நாடார்களுக்கு எதிரான சாதிக் கலவரத்தில் சிவகாசி தாக்கப்பட்டு வீடுகள் எரிந்தபோது, திறந்த வாசல் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு தலைமுறையே நேரில் கண்டது. காற்றும் வேண்டும், காவலும் வேண்டும் என்ற இரட்டைத் தேவைக்குத் தச்சர்கள் கொடுத்த விடை மர அழி. திண்ணையின் விளிம்பிலிருந்து கூரை வரை கட்டை கட்டையாகச் சட்டங்களை நிறுத்தி, நடுவே ஓர் அழிக்கதவு வைப்பார்கள். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், வெயிலில் நிற்பவருக்கு உள்நிழல் அவ்வளவாகத் தெரியாது. கைக்குழந்தை தெருவுக்கு ஓடாது, ஆடு உள்ளே வந்து தானியத்தை மேயாது. தென்மாவட்டங்களில் அழி போட்ட வீடு என்றால் வசதியான வீடு என்று பொருள்.

தீப்பெட்டி வந்த பிறகு திண்ணையின் சொந்தக்காரர்கள் மாறினார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மெல்லிய மரச்சீவலும் காகிதமும் வீட்டுக்கு வரும். பெண்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தில் பசையைக் குழைத்து, சீவலைக் கோடு பார்த்து மடித்து, காகிதத்தைச் சுற்றி ஒட்டி ஒரு பக்கம் தள்ளுவார்கள். உள்பெட்டி ஒரு குவியல், மேல்பெட்டி ஒரு குவியல். கூலி குரோஸ் கணக்கில், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. ஒட்டிய பெட்டி காய நிழலும் காற்றும் வேண்டும், ஆனால் காற்று வேகமாக அடித்தால் சீவல் பறந்துவிடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குப் பனையோலைத் தட்டியோ சாக்குப் படுதாவோ கட்டினார்கள். ஆண்கள் அரட்டை அடித்த மேடை பெண்களின் வேலைத்தலம் ஆனது, அதற்கு ஒரு மறைப்பும் வந்தது. அந்த வேலையில் குழந்தைகளின் கைகளும் சேர்ந்தன என்பது இந்த வரலாற்றின் வேதனையான பக்கம். 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசியை முன்வைத்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அந்தக் கைகளைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்ப உதவின.

எழுபது, எண்பதுகளில் வெல்டிங் பட்டறைகள் பெருகின. ஓட்டுக் கூரை போய்க் கான்கிரீட் வந்தது, மரம் விலையேறியது, அழியின் இடத்தை இரும்பு கிரில் பிடித்தது. உதயசூரியன், மயில், தாமரை, அன்னம் என்று கம்பியை வளைத்து, பச்சையோ நீலமோ பெயின்ட் அடித்து நிறுத்தினார்கள். டிவிஎஸ் 50 வந்த வீட்டில் அதை இரவில் எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கும் கிரில் போட்ட வராந்தாதான் பதில். திண்ணை மேடையை இடித்து, வண்டி ஏறச் சரிவு கட்டியவர்கள் பலர்.

கொசுவலை இதற்கெல்லாம் பிறகு வந்தது. ஆனால் அதன் கதை தொடங்கியது வெகு தொலைவில். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, கனெடிகட் மாநிலத்தில் கம்பிச் சல்லடை செய்துவந்த கில்பர்ட் அண்ட் பென்னட் நிறுவனத்துக்குத் தென்மாநிலச் சந்தை கைவிட்டுப் போயிற்று. தேங்கிக் கிடந்த சல்லடைக் கம்பிக்குச் சாயம் பூசி, சன்னலில் அடிக்கும் வலையாக விற்றார்கள். அது அன்றைக்குப் பூச்சித் தொல்லைக்கான மருந்து, அவ்வளவுதான். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கண்டறிந்த பிறகே வலைக்கு மருத்துவ மதிப்பு வந்தது. 1900-இல் பேட்ரிக் மேன்சனின் ஏற்பாட்டில் சாம்பன், லோ என்ற இரண்டு மருத்துவர்கள் ரோமுக்கு அருகே மலேரியா தாண்டவமாடிய சதுப்பு நிலத்தில், கம்பிவலை அடித்த குடிசையில் ஒரு காய்ச்சல் பருவம் முழுக்கத் தங்கினார்கள். இருட்டுமுன் உள்ளே போவார்கள், விடிந்த பின்தான் வெளியே வருவார்கள். இருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பனாமா கால்வாய் வேலையின்போது மருத்துவர் கோர்காஸ் குடியிருப்புகளின் வராந்தாக்களுக்கே வலை அடிக்க வைத்தார்.

இந்தியாவில் சாமானிய வீட்டுக்கு அந்த வலை வர வெகுகாலம் ஆயிற்று. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் சுவர்களில் டி.டி.டி. தெளிப்பதையே நம்பியிருந்தது. படுக்கைக்குக் கட்டிய துணி வலை இரவுக்குப் போதும் என்றிருந்தார்கள். அந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது ஏடிஸ் கொசு. அது பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் பெருகும். மழை குறைந்த விருதுநகர் மாவட்டத்தில் குடிதண்ணீர் தினமும் வராது. வரும் நாளில் டிரம், தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைப்பது இங்கே குடும்ப ஒழுங்கு. வறண்ட ஊரில் கொசு எப்படி என்று கேட்பவருக்கு அந்த டிரம்தான் விடை. 2006-இல் தமிழகத்தை முடக்கிய சிக்குன்குனியாவும், பின்னர் ஆண்டுதோறும் அச்சுறுத்தும் டெங்குவும் பகலில் வராந்தாவில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்களையே நேராகத் தாக்கக்கூடியவை. கிரிலின் உள்பக்கம் வலை அடிக்க இதைவிட நியாயமான காரணம் வேண்டியதில்லை.

வலை இன்று எட்டாத பொருளும் அல்ல. கொசுவலை உற்பத்திக்குப் பெயர்பெற்ற கரூர் தமிழகத்திலேயே இருக்கிறது. வெல்க்ரோ பட்டையில் ஒட்டும் பைபர் வலையை அளவெடுத்து மாட்டித்தர ஆட்கள் தெருவுக்குத் தெரு வருகிறார்கள். அங்குலத்துக்கு 18 இழையும் 16 இழையுமாக நெய்தது பொதுவாகப் புழங்கும் ரகம், கொசுவுக்கு அது போதும். ஆனால் எந்த வலையும் காற்றைக் கொஞ்சம் குறைக்கும். கரிசல் புழுதி படிந்த வலை இன்னும் அதிகமாகக் குறைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி அலசாத வலை, கோடையில் வராந்தாவை வெக்கைக் கூடாக்கிவிடும். காற்று வரவில்லை என்று சொல்லி அடுத்த கட்டமாகக் கண்ணாடிச் சன்னலும் ஏசியும் வைக்கிறவர்கள், அழிக்கு முந்தைய கேள்விக்கே திரும்பிப் போகிறார்கள். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டிய ஜாலிச் சுவர்கள், மறைப்பும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் என்பதைக் குறைந்த செலவில் காட்டியவை. அதே செங்கல் விருதுநகரிலும் கிடைக்கிறது.

பட்டாசு வட்டாரத்தில் வராந்தாவை அடைப்பதில் வேறெங்கும் இல்லாத ஓர் அபாயமும் உண்டு. வெடிமருந்துப் பட்டறைகளில் அறைகள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தப்பி ஓட வழி மறிக்கக் கூடாது. எத்தனையோ உயிர்களை இழந்து கற்ற பாடங்கள் இவை. உரிமம் பெற்ற இடத்துக்கு வெளியே பட்டாசு செய்வது 1884-இன் வெடிபொருள் சட்டப்படி குற்றம். ஆனாலும் வீட்டுக்குள் திருட்டுத்தனமாகத் திரியும் வெடியும் செய்து குடும்பத்தோடு மாண்டவர்களின் செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. சுற்றிலும் கிரில், ஒரே கேட், அதற்கும் பூட்டு என்றிருக்கும் வராந்தாவில் தீப்பிடித்தால் வெளியேற வழியே இல்லை. பட்டாசுக்கான காகிதக் குழாயை வீட்டில் ஒட்டுவது வேறு, மருந்தைத் தொடுவது வேறு. மருந்து வீட்டு வாசலைத் தாண்டி வரவே கூடாது.

இனி வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். வலை அடியுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். கழற்றிக் கழுவத்தக்க சட்டத்தில் அடியுங்கள். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வையுங்கள், பகலில் பூட்டாதீர்கள். தண்ணீர் டிரம்முக்கு மூடி போடுங்கள், அதைச் செய்யாவிட்டால் வலை பாதி வேலைதான் செய்யும். கம்பிக்கு வெளியே, தெருவோரம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கல்மேடை விட்டு வையுங்கள். தபால்காரரும் பூக்காரம்மாவும் பயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையின் வேனுக்குக் காத்து நிற்கிற பெண்களும், சாதி கேட்காமல், உட்கார்ந்து எழுந்து போக அந்த இடம் போதும்.