லண்டன் பியானோவும் திருச்செங்கோட்டு லாரியும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். திருச்செங்கோட்டு மாமா ஒரு பேப்பரை நீட்டினார். இருபது வருஷத்துக்கு மேல அடுத்தவங்க வண்டி ஓட்டினவர், இப்பதான் முதல்முறையா சொந்தமா ஒரு லாரி வாங்கப் போறார். பழைய வண்டி, பத்து சக்கரம். கையிலிருந்த சேமிப்பு முழுசும் முன்பணமா போகுது. மீதி 10 லட்சத்துக்கு லோக்கல் பைனான்ஸ். 4 வருஷம், மாசம் 27,500 ரூபாய் டியூ.

"எட்டு பர்சென்ட்டுதான் கண்ணு. பேங்க்லகூட இதுக்குக் கம்மியா கிடைக்காதுங்கறாங்க. நீ கம்ப்யூட்டர்ல ஒருக்கா பாத்துச் சொல்லு, கையெழுத்துப் போட்டர்றேன்."

எக்செல்ல ரேட் ஃபார்முலா போட்டேன். வந்தது 8 இல்ல, 14.35. மாமா நம்பல. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு சொன்னார். அந்தக் கணக்குக்கு அப்புறம் வர்றேன். அதைவிட என்னை நிறுத்தினது அந்தப் பேப்பர்ல இருந்த ஒரு வார்த்தை. மாமா பேருக்கு நேரா 'ஓனர்'னு இல்ல, 'ஹையரர்'னு இருந்தது. அதாவது வாடகைக்கு எடுத்தவர். லாரி வாங்கப் போன மனுஷன் எப்படி வாடகைக்காரர் ஆனார்? அதுதான் இந்த எபிசோட்.

கதை லண்டன்ல ஒரு பியானோவில் தொடங்குது. ஹெல்பி என்ற பியானோ வியாபாரி, பிரூஸ்டர் என்பவருக்கு ஒரு பியானோவைத் தவணையில் கொடுத்தார். மாசம் 10 ஷில்லிங் 6 பென்ஸ், 36 மாசம். முழுசா கட்டினால் பியானோ பிரூஸ்டருக்கு. நடுவில் வேண்டாம்னா திருப்பிக் கொடுத்துடலாம். பிரூஸ்டர் சில தவணைதான் கட்டினார். பிறகு அதை மேத்யூஸ் என்ற அடகுக்கடைக்காரரிடம் அடகு வச்சுட்டார். இப்போ பியானோ யாருடையது? 1895ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு: ஹெல்பியுடையது. வாங்கியே ஆகணும்னு பிரூஸ்டருக்குக் கட்டாயம் இல்லை; அதனால் அவர் 'வாங்க ஒப்புக்கொண்டவர்' இல்லை, வாடகைக்கு எடுத்தவர் மட்டுமே. ஹையர் பர்ச்சேஸ் என்ற முறைக்கு உறுதியான சட்ட அடித்தளம் போட்ட தீர்ப்பு அது.

இந்த முறை நம்ம ஊருக்கு அவ்வளவு பொருத்தமா அமைஞ்சதுக்குக் காரணம் இருக்கு. சேலம் மாவட்டத்தின் தென்பகுதி, அதாவது 1997ல் தனி மாவட்டமான இன்றைய நாமக்கல், காவிரிக்கரையைத் தாண்டினால் மழையையும் கிணத்தையும் நம்பின பூமி. வெள்ளாமையை மட்டும் நம்ப முடியாத பல குடும்பங்கள் லாரித் தொழிலுக்கு வந்தன. நாமக்கல்ல பாடி கட்டும் பட்டறைகள், சங்ககிரியில் லாரிகள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள். ஆனா டிரைவரா இருந்து ஓனர் ஆக நினைக்கிறவர்கிட்ட பேங்க் கேட்கும் சொத்து கிடையாது. ஹையர் பர்ச்சேஸ் அவருக்கு ஒரு வழி காட்டியது: வாங்கப் போற லாரியே ஜாமீன். 1954ல் சென்னையில் டி.எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் அந்த வழியில் வளர்ந்த நிறுவனம். 1979ல் ஆர். தியாகராஜனின் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், பேங்குகள் தொடத் தயங்கிய பழைய லாரிகளுக்குக் கடன் கொடுக்க ஆரம்பிச்சது. தியாகராஜன் புள்ளியியல் படிச்சு, இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் கண்ணுக்கு லாரிக்காரர் தெரியாத ஆபத்தா தெரியல, கணக்குப் போடக்கூடிய ஆபத்தா தெரிஞ்சார்.

இதை நான் குறை சொல்ல வரல. இந்தப் பணம் இல்லேன்னா ஸ்டியரிங் பிடிச்ச கை பல பேருக்குக் கடைசிவரை அடுத்தவன் ஸ்டியரிங்கையே பிடிச்சிருக்கும். ஆனா பணத்தோடு அந்த பியானோ ஒப்பந்தமும் வந்தது.

இது விற்பனையா, கடனா? விற்பனைதான்னு சொல்லி கேரளம் வரி கேட்டபோது, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போச்சு. சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் நீதிமன்றம் காகிதத்துக்குப் பின்னால் பார்த்தது: பெயர் ஹையர் பர்ச்சேஸ், ஆனா உள்ளே இருப்பது வண்டியை ஜாமீனா வச்ச கடன்.

1972ல் நாடாளுமன்றம் ஹையர் பர்ச்சேஸ் சட்டம் கொண்டுவந்தது. ரொக்க விலை எவ்வளவு, தவணையில் மொத்தம் எவ்வளவுன்னு ஒப்பந்தத்தில் எழுதியே ஆகணும். பணத்தில் பெரும்பகுதி கட்டிட்டா, அதுக்கப்புறம் நீதிமன்றம் வழியாத்தான் பொருளைத் திரும்ப எடுக்க முடியும். நல்ல சட்டம்தானே? அது ஒருநாள்கூட அமலுக்கு வரல. 2005ல் அப்படியே ரத்து செஞ்சாங்க. 33 வருஷம் புத்தகத்திலேயே இருந்து செத்துப்போன சட்டம்.

மாமா மேல பாய்றது வேற ஒரு சட்டம், 1988 மோட்டார் வாகனச் சட்டம். அதில் ரெண்டு பிரிவைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பிரிவு 51: பைனான்ஸ்காரர் பெயர் ஆர்.சி.யில் ஏறும். டியூ தவறி அவர் வண்டியை சீஸ் பண்ணிட்டா, ஆர்.டி.ஓ. மூலமா தன் பெயருக்கே புது ஆர்.சி. வாங்க வழி உண்டு. பிரிவு 2(30): ஹையர் பர்ச்சேஸ்லயோ லீஸ்லயோ ஹைபாதிகேஷன்லயோ இருக்கும் வண்டிக்கு, அந்த ஒப்பந்தப்படி வண்டியைக் கையில் வச்சிருப்பவர்தான் 'ஓனர்'. அதனால் விபத்து நடந்து நஷ்டஈடு கேட்டு வந்தா, மாமா ஓனர். டியூ தவறினா, மாமா வாடகைக்காரர்.

அதுக்காக நடு ரோட்டில் அடியாள் வச்சு வண்டியைப் பிடுங்கலாம்னு அர்த்தமில்ல. 2007ல் ஒரு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாக் கண்டிச்சது.

இப்போ அந்தக் கணக்கு. 10 லட்சத்துக்கு 8 சதவீதம், வருஷம் 80,000. நாலு வருஷத்துக்கு 3.2 லட்சம். ஆக 13.2 லட்சத்தை 48ஆல் வகுத்தா 27,500. இதுக்குப் பெயர் ஃபிளாட் ரேட். மாசாமாசம் அசல் குறைஞ்சுகிட்டே வருது, ஆனா வட்டி மட்டும் கடைசிவரை முழு 10 லட்சத்துக்கே போடப்படுது. குறையும் அசலுக்கு நிஜமாவே 8 சதவீதம்னா டியூ சுமார் 24,400தான், மொத்த வட்டி 1.72 லட்சம். வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். இன்னொண்ணு, ரெண்டு வருஷம் முடிஞ்சதும் பாதி அசல் தீர்ந்திருக்கும்னு மாமா நினைச்சிருந்தார். 6.6 லட்சம் கட்டின பிறகும், 14.35 சதவீதக் கணக்கில் சுமார் 5.7 லட்சம் பாக்கி நிக்கும்.

ஆக, லாரி வாங்கும்போது நல்ல டீல்ங்கறது வண்டி விலையில 20,000 குறைச்சுப் பேசறது மட்டும் இல்ல. பாதி டீல் அந்தக் காகிதத்துல இருக்கு. 1972 சட்டம் தராத ஒண்ணு இப்போ வேற வழியில் ஓரளவு வந்திருக்கு. 2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் புதுக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' தரணும். அதுல ஏ.பி.ஆர். என்ற எண் இருக்கும். கட்டணங்களையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில எவ்வளவு செலவுன்னு அது சொல்லும். ரெண்டு மூணு இடத்துல அந்த எண்ணை வாங்கி ஒப்பிடுங்க. பாதியில் அடைச்சா எவ்வளவுன்னு எழுத்தில் கேளுங்க. புது வண்டின்னா சேசிஸ் ஷோரூம்ல, பாடி பட்டறைல. வண்டி பட்டறைல நிக்கும்போதே முதல் டியூ ஓட ஆரம்பிக்குமான்னு கேளுங்க. பழைய வண்டின்னா ஆர்.சி.யில் பழைய பைனான்ஸ் பெயர் இன்னும் நிக்குதான்னு பாருங்க.

மாமா இன்னும் கையெழுத்துப் போடல. ரெண்டு கம்பெனிகிட்ட ஏ.பி.ஆர். கேட்டிருக்கார். நேத்து போன்ல, "எல்லாஞ் சரி கண்ணு, வண்டி எப்பத்தான் முழுசா என்னுது ஆகும்?"னு கேட்டார்.

கடைசி டியூ கட்டின அன்னைக்கு இல்ல மாமா. பைனான்ஸ்காரர்கிட்ட ஃபார்ம் 35லயும் தடையில்லாச் சான்றுலயும் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குடுத்து, ஆர்.சி.யிலிருந்து அவங்க பெயரை எடுக்கிற அன்னைக்குத்தான்.