ரசீது யாருக்காக?

சூப்பர் மார்க்கெட் ரசீதின் வரலாற்றைத் தேடிப்போனால், தொடக்கத்தில் நான் காண்பது கல்லாவில் நிற்பவரைச் சந்தேகிக்கும் முதலாளியை. 1879இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேடன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர்கள் பணத்தைக் கையாடாமலிருக்கவே விற்பனையைப் பதியும் கல்லா இயந்திரத்தை உருவாக்கினார். பின்னாளில் அந்த இயந்திரங்கள் ரசீதும் அச்சிட்டன. நெடுங்காலம் அதில் பெரும்பாலும் எண்கள் மட்டுமே. எந்த விலை எந்தப் பொருளுக்கு என்று வீட்டில் கணக்குப் பார்க்கும் பெண்தான் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி இல்லை.

1974 ஜூன் 26 அன்று, அதே மாநிலத்தின் டிராய் நகரில் ஷரன் புக்கானன் என்ற காசாளர் ஒரு சூயிங்கம் பொதியின் பார்கோடை ஸ்கேன் செய்தார். இனி ரசீதில் பொருளின் பெயரும் வரும். ஆனால் பொருள்மேல் விலை ஒட்டும் செலவை மிச்சம்பிடிக்கக் கடைகள் விரும்பின. அதை எதிர்த்தவர்களில் முன்நின்றவர் அமெரிக்க நுகர்வோர் கூட்டமைப்பின் கரோல் டக்கர் ஃபோர்மன். 1976இல் மிச்சிகன் மாநிலம் பொருள்களில் விலை ஒட்டுவதைக் கட்டாயமாக்கியது. ஸ்கேனர் கூடுதலாக வசூலித்தது ரசீதில் தெரிந்தால், வித்தியாசத்தோடு அதைப்போல் பத்து மடங்கும், 5 டாலர் வரம்புக்குள், கேட்கலாம் என்றாயிற்று. 2011இல் விலை ஒட்டும் கட்டாயம் போனது, இழப்பீடு நீடித்தது.

இன்றும் ரசீதின் வரிசை பெரும்பாலும் ஸ்கேன் செய்த வரிசைதான். பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலையும், திருப்பிக் கேட்க ஒரு சட்டமும் இருக்கும் இடத்தில்தான் ரசீது வாங்குபவளுக்கு உதவுகிறது.