வாவல்

அமிர்தியில் பொழுது சாய்கிறது. ஜவ்வாது மலையடிவாரத்துப் பூங்காவைப் பார்க்க வந்த கூட்டம் வேலூருக்குக் கிளம்பிவிட்டது. ஓடைக்கு மேலே கறுப்பாய் ஒன்று துள்ளுகிறது, சட்டென்று திரும்புகிறது, மறைகிறது. வௌவால்.

பெயரைப் பார்த்ததும் 'வௌவு' நினைவுக்கு வரும். பழத்தை வௌவுவதால் வௌவால் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய வடிவம் 'வாவல்'. குறுந்தொகையின் 172ஆம் பாட்டில், மாலையில் பழமரம் நாடிப் போவதாகக் கச்சிப்பேட்டு நன்னாகையார் காட்டுவது வாவலைத்தான். மலையாளத்திலும் வாவல் உண்டு. கன்னடத்தில் பாவலி, நம் 'வேர்' அங்கே 'பேரு' ஆவது போல வகரம் பகரமாகியிருக்கிறது. மூன்றிலும் முதலில் நிற்பது ஆகாரம். வவ்வாலும் வௌவாலும் பிந்திய வடிவங்கள் என்றே கொள்கிறேன்.

அப்படியானால் வேர் 'வாவு', தாவு என்று பொருள். தாவும் குதிரையைப் புலவர்கள் 'வாம்பரி' என்றார்களே, அதே வாவு. ஓடை மேல் துள்ளும் உருவத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேரைச் சந்தேகிக்கத் தோன்றாது.

தமிழ் அசைவைப் பார்த்துப் பெயரிட்டது. கிரேக்கச் சொற்களைக் கோத்த அறிவியல் எலும்பைப் பார்த்தது. வௌவால் இனத்துக்கு அது வைத்த 'கைராப்டெரா' என்றால் கைச்சிறகி. கட்டைவிரல் பற்றிக்கொள்ளத் தனியே நிற்க, மற்ற நான்கு விரல்களும் குடைக்கம்பி போல நீண்டு தோலைத் தாங்குகின்றன.

டைனோசர் காலத்து டெரோசர் வேறு வழியில் போனது. மூன்று விரல்கள் நகத்தோடு சிறியனவாகவே நிற்க, நான்காம் விரல் மட்டும் நீண்டு சிறகின் முன்விளிம்பைப் பிடித்தது. நடுவே கம்பி கிடையாது. தோலுக்குள் ஓடிய நுண்ணிழைகளே அதைத் தளராமல் காத்தன. மணிக்கட்டிலிருந்து நீண்ட டெராய்டு எனும் எலும்பு, முன்பக்கத்துச் சிறு சவ்வைத் தாங்கியது. இதன் எலும்புகளை 1784இல் விவரித்த கொலினி அதைக் கடல்வாழ் உயிராகக் கருதினார். 1809இல் கூவியே 'டெரோடாக்டில்' என்று பெயரிட்டார். சிறகுவிரல் என்று பொருள்.

தமிழில் இதைப் பறக்கும் பல்லி என்று எழுதுவதுண்டு. இது பல்லியினம் இல்லையே! 'விரற்சிறகி' என்றால் எலும்பு தெரியும். தரையிலிருந்து எழ, அது கைகளை ஊன்றி எம்பியது என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர். எம்புவதும் வாவுவதுதான்.