மணியும் கயிறும்

திருவாரூரில் ஒரு பசு மணி அடித்த கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. சோழ இளவரசன் தேரோட்டிச் சென்றான். துள்ளி வந்த கன்று சக்கரத்தில் சிக்கி மாண்டது. தாய்ப் பசு அரண்மனை வாசலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை இழுத்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் கிடத்தினான். பள்ளிக்கூடத்தில் இதை நீதிக் கதையாகப் படித்தோம். இப்போது யோசித்துப் பார்த்தால் இது ஒரு சாலை விபத்து வழக்கு என்று தோன்றுகிறது. வாகனம் இருக்கிறது, ஓட்டியவன் இருக்கிறான், இழந்தவள் இருக்கிறாள். அவளுக்கு வக்கீல் இல்லை, சாட்சி இல்லை, படிப்பும் இல்லை. ஆனால் அவள் வாய்க்கு எட்டும் உயரத்தில் கயிறு தொங்கியது.

மணி எல்லா ராஜ்யத்திலும் உண்டு. கயிறு எட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியவர் நாகரசம்பட்டியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த முப்பது வயது இளைஞர். காவேரிப்பட்டணத்தை அடுத்த அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஓசூருக்கும், எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கும் தினந்தோறும் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவரும் அப்படிப் போனவர்தான். எல்லைக்கு அப்பால் சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி இடித்துவிட்டது. வலது கால் போகவில்லை. ஆனால் பழைய காலாகவும் திரும்பி வரவில்லை. நாலு மாதமாக வீட்டில் இருக்கிறார்.

"அடிபட்டது கர்நாடகாவிலே ஐயா. கேஸ் போடணும்னா அங்கேதான் போகணுமாம். நிக்கவே முடியலே, வாய்தாவுக்கு வாய்தா எப்படிப் போறது?" என்றார். லாரிக்காரர் தரப்பில் யாரோ வந்து 20,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து கேட்கிறார்களாம். "போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

அந்தக் கையெழுத்தைச் சற்று நிறுத்தி வைக்கச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.

பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஒருவனைக் காயப்படுத்தினால் அவன் நஷ்டஈடு கேட்கலாம். கொன்றுவிட்டால் அவன் மனைவி மக்கள் கேட்க முடியாது! வழக்காடும் உரிமை அவனோடு செத்துப்போய்விடும். இங்கிலாந்தில் ரயில்கள் ஓடத் தொடங்கி, சாவுகளும் பெருகிய பிறகு, 1846-ல் காம்ப்பெல் பிரபு கொண்டுவந்த சட்டம் இந்த அநியாயத்தை நீக்கியது. இந்தியாவுக்கு அதே சட்டம் 1855-ல் வந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு நமது முதல் பயணி ரயில் புறப்பட்டது 1856 ஜூலை 1-ஆம் தேதி. ரயில் வருமுன்னே அதன் கீழ் விழப்போகிறவர்களுக்குச் சட்டம் வந்து காத்திருந்தது.

மணி மாட்டியாயிற்று. ஆனால் கயிறு மிக உயரத்தில் இருந்தது. சாதாரண சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். ஸ்டாம்புக் கட்டணம் கட்ட வேண்டும். எதிரியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். இவை எல்லாம் முடிந்து ஜெயித்தாலும், லாரிக்குச் சொந்தக்காரன் கையை விரித்துவிட்டால் தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் 1923-லேயே ஒரு வழி திறந்தது. வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு, முதலாளியின் பிழையை நிரூபிக்காமலே ஈடு கேட்கலாம் என்றது அந்த ஆண்டின் சட்டம். தெருவில் அடிபட்டவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 1946 ஜூலை 1 முதல், பிறருக்கு நேரும் தீங்குக்காக ஒவ்வொரு வண்டியும் இன்ஷூரன்ஸ் செய்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. "கையில் காசில்லை" என்ற பதிலுக்கு அன்றிலிருந்து மாற்று கிடைத்தது.

இருந்தாலும் காலம்? தாராபுரத்துக்கும் பழனிக்கும் இடையே ஓடிய ஒரு பஸ் 1947 செப்டம்பரில் விபத்துக்குள்ளாயிற்று. பயணி ஒருவர் காயமுற்று மூன்றாம் நாள் இறந்தார். குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். சட்டம் படிப்பவர்கள் கோபால்ட் மோட்டார் சர்வீஸ் வழக்கு என்று இன்றும் அதைப் படிக்கிறார்கள். குடும்பம் இழந்த வருமானம் வேறு, இறந்தவரின் சொத்துக்கு நேர்ந்த இழப்பு வேறு என்று அதில் சுப்ரீம் கோர்ட்டு பிரித்துக் காட்டியது. அருமையான தீர்ப்புத்தான். ஆனால் அது வந்தது 1961-ல்! தகப்பனை இழந்த கைக்குழந்தை பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்துவிடும் காலம் அது.

இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் 1956-ல் சட்டம் திருத்தப்பட்டு, விபத்து நஷ்டஈட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி ஏற்பட்டது. கயிறு ஒரு முழம் இறங்கியது. 1982-ல், சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும் யார் பிழை என்று பாராமலே ஒரு குறைந்தபட்சத் தொகை என்ற ஏற்பாடு வந்தது: சாவுக்கு 15,000 ரூபாய், ஊனத்துக்கு 7,500. இன்னொரு முழம். 1988-ல் புதிய சட்டம். 1994-ல் அதற்கு ஒரு திருத்தம். நாகரசம்பட்டிக்காரருக்கு வேண்டியது இதுதான். அதுவரை விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அதன் பிறகு, காயமுற்றவர் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். அத்திப்பள்ளியில் இடித்த லாரிக்காகக் கிருஷ்ணகிரியில் மணி அடிக்கலாம்!

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மந்திரம் ஒன்றுமில்லை. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு வயதுக்கு ஒரு பெருக்கு எண் வகுத்துக் கொடுத்தது. 26 முதல் 30 வயது வரை அது 17. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த ஒருவர் தம் உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு 40 பங்கு இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 72,000 ரூபாய் நஷ்டம். 17-ஆல் பெருக்கினால் 12,24,000. வைத்தியச் செலவும், பட்ட வேதனைக்கான தொகையும் இதற்கு மேல். இதில் ஒரு நுட்பம் உண்டு. டாக்டர் காலுக்கு எழுதித் தரும் ஊன சதவீதம் வேறு, பிழைப்புக்கு நேர்ந்த ஊனம் வேறு. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் ஒரே கால்தான் முறிகிறது, இழப்பு ஒன்றல்ல. ஆகையால் முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், ஊனச் சான்றிதழ், சம்பளத்துக்கு அத்தாட்சி ஆகியவற்றோடு, செய்த வேலை இன்னதென்பதையும் தெளிவாக நிரூபிக்க வேண்டும்.

இறங்கிய கயிறு சற்று மேலேயும் போயிருக்கிறது. 1994-ல் காலக்கெடுவை எடுத்துவிட்டிருந்தார்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் உண்டென்றாலும், அவற்றை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. அதே திருத்தத்தில் பிழை பாராமல் தரும் தொகை சாவுக்கு 5 லட்சமாகவும், பலத்த காயத்துக்கு 2.5 லட்சமாகவும் உயர்ந்தது. ஆனால் அதைப் பெற்றுக்கொண்டால், முழு ஈடு கேட்கும் மனு அத்தோடு முடிந்துவிடும். எது லாபம் என்று கணக்குப் பார்த்துத்தான் கை நீட்ட வேண்டும்.

இளைஞரிடம் விரலை மடக்கிக் காட்டினேன். நாலு மாதம் போயிற்று, இரண்டு மிச்சம். வக்கீலுக்குக் காசில்லையே என்றார். ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டவர்களுக்கும், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தரச் சட்ட உதவி ஆணையம் இருக்கிறது. மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் விசாரிக்கலாம் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடாமலே திரும்ப வைத்துக்கொண்டார்.

திருவாரூர்க் கதையின் முடிவில் சிவபெருமான் தோன்றிக் கன்றை எழுப்பித் தந்தார். எந்தத் தீர்ப்பாயத்துக்கும் அந்தச் சக்தி இல்லை. அந்தக் கால் பழைய காலாக வரப்போவதில்லை. கணக்குப் போட்டு ரூபாய் தரலாம். அவ்வளவுதான் மனிதருடைய நீதி. ஆனால் அந்த ரூபாயும் தானாக வீடு தேடி வராது. பசு நடந்து போய்க் கயிற்றை இழுத்தது என்பதையும் கதை சொல்லியிருக்கிறது அல்லவா?